தீவைப் பார்த்துத்தான் கப்பலைத் தேர்ந்தெடுத்தோம்

கரீபியன் க்ரூஸ் போகிறோம் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது, எந்தக் கப்பல் என்றுதான். எத்தனை நீச்சல் குளம், எத்தனை சாப்பாட்டுக் கூடம், சறுக்கு மரம் எவ்வளவு உயரம் என்றெல்லாம் விசாரிப்பார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. எந்தெந்தத் தீவில் நிற்கும், ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம் நிற்கும்? தோழிகள் நாலு பேர் பிப்ரவரியில் போய்வந்த பிறகு இதை இன்னும் உறுதியாகச் சொல்வேன்.

நாங்கள் கல்லூரி விடுதியில் ஒரே வராந்தாவில் இருந்தவர்கள். இப்போது ஒருத்தி டாலஸில், ஒருத்தி சென்னையில், ஒருத்தி பாரிஸ் புறநகரில், நான் நியூஜெர்சியில். பாரிஸில் இருப்பவளுக்குச் சொந்த ஊர் காரைக்கால். அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். இந்தப் பயணத்தின் பாதையைத் தீர்மானித்தவள் அவள்தான். அவள் அலுவலகத்தில் மார்டினிக் தீவைச் சேர்ந்த ஒரு பெண்மணி வேலை பார்க்கிறார். அவருடைய முன்னோர்கள் காரைக்காலில் கப்பலேறியவர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இவளுக்கு வேறு எந்தத் தீவும் கண்ணில் படவில்லை. "போனா மார்டினிக்ல நிக்கிற கப்பல்லதான்டி போகணும்" என்று வாட்ஸப் குழுவில் ஒரே பிடியாக நின்றாள்.

அப்படித் தேடும்போதுதான் சான் ஹுவான் கண்ணில் பட்டது. பெரும்பாலானோர் மயாமியிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ ஏறுவார்கள். அங்கிருந்து தெற்குத் தீவுகளுக்குப் போக இரண்டு நாள், திரும்பி வர இரண்டு நாள் வெறும் கடலிலேயே கழிந்துவிடும். ஒரு வாரப் பயணத்தில் தரையைத் தொடுவது மூன்று இடத்தில்தான். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் ஏறினால் தீவுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. நாங்கள் போன பாதையில் முதல் நாள் மட்டும் கடல். அப்புறம் பார்படோஸ், செயின்ட் லூசியா, மார்டினிக், செயின்ட் கிட்ஸ், செயின்ட் தாமஸ் என்று தினம் ஒரு தீவு. போர்ட்டோ ரிக்கோ 1898 முதல் அமெரிக்காவின் வசம் இருப்பதால் டாலஸ்காரிக்கும் எனக்கும் அது உள்நாட்டு விமானம்.

சென்னைத் தோழிக்குத்தான் காகித வேலை அதிகம். கப்பல் வெளிநாட்டுத் தீவுகளுக்குப் போய் மறுபடி அமெரிக்கத் துறைமுகத்துக்கு வருகிறது என்பதால் பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசா வேண்டும். மார்டினிக் பிரான்ஸின் பகுதிதான், ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் ஒரே விசா போதும் என்கிற ஷெங்கன் எல்லைக்குள் வராது. அதற்கும் தனியாகக் கேட்டு முன்கூட்டியே வாங்கிக்கொண்டாள். இந்தியக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு தீவுக்கும் என்ன தேவை என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று செப்டம்பரில் போக எனக்கு மனம் வராது. பிப்ரவரியில் மழை குறைவு, காற்றும் இதமாக இருக்கும்.

ஒரு நாள் முன்னதாகவே சான் ஹுவான் போய்ச் சேர்ந்தோம். விமானம் தாமதமானாலும் கப்பல் காத்திருக்காது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தப் பழைய ஊரே ஒரு நாளைக் கேட்கிறது. 1539இல் ஸ்பானியர்கள் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டை துறைமுக வாயிலில் கடலைப் பார்த்து நிற்கிறது. அதன் முன்னால் பெரிய புல்வெளி, வாரக் கடைசியில் குடும்பம் குடும்பமாக வந்து பட்டம் விடுகிறார்கள். தெருக்களில் பதித்த கற்கள் நீல நிறம். இரும்பு உலைக் கசடை வார்த்துச் செய்தவை, ஈரம் பட்டால் நீலம் இன்னும் கூடும். மறுநாள் மாலை கப்பல் அந்தக் கோட்டையை ஒட்டித்தான் வெளியேறியது. மேல்தளத்தில் நால்வரும் தோளோடு தோள் ஒட்டி நின்று பார்த்தோம்.

கிளம்புவதற்கு முன் ஒரு பாதுகாப்புப் பயிற்சி உண்டு. ஆபத்து வந்தால் எந்த இடத்தில் கூட வேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிப் போட வேண்டும் என்று காட்டுவார்கள். 2012இல் இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் கவிழ்ந்தபோது, கடைசியாக ஏறியவர்களில் பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவே இல்லை. அதற்குப் பிறகு கப்பல் புறப்படும் முன்பே முடித்தாக வேண்டும் என்று விதி இறுகியது. அதனால் அதைத் தொல்லையாக நினைக்காமல் நிதானமாக நின்று கேளுங்கள்.

கேபின் எடுக்கும்போது டாலஸ்காரி சொன்னதைக் கேட்டோம். அவளுக்குக் காரில் போனாலே தலை சுற்றும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் மிகக் குறைவு. உச்சித் தளத்து முன்பக்க அறையில் காட்சி அழகாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அலையும் உடம்பில் தெரியும். பார்படோஸ் போகும் வழியில் காற்று கிழக்கிலிருந்து எதிரே வந்து மோதும். அந்த முதல் இரவிலும் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். பணியாளர்களுக்கான டிப்ஸ் ஒவ்வொருவர் கணக்கிலும் தினமும் தானாகவே ஏறிவிடும் என்பதால், அதையும் சேர்த்தே செலவைப் போட்டுக்கொள்ள வேண்டும். கப்பலில் கால் வைத்ததுமே கைபேசியை ஏர்ப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். நடுக்கடலில் கிடைக்கும் சிக்னல் செயற்கைக்கோள் வழியே வருவது, கட்டணம் எக்கச்சக்கம்.

தோழிகளோடு போக ஏன் கப்பல் என்று என் அக்கா கேட்டாள். வாடகை வீடு எடுத்துத் தங்கினால் யாராவது சமைக்க வேண்டும், யாராவது வண்டி ஓட்ட வேண்டும், காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். ஐம்பதைத் தாண்டிய நாலு பேருக்கு நாலு விதமான காலை. நான் விடியும் முன்பே மேல்தளத்தில் நடப்பேன், காரைக்கால்காரி பத்து மணி வரை புத்தகமும் கையுமாகப் படுத்திருப்பாள். கப்பலில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு மட்டும் ஒரே மேசை. அன்றைக்குப் பார்த்ததையெல்லாம் அங்கே கொட்டுவோம். முதல் நாளே சாப்பாட்டுக்கூட மேலாளரிடம் இருவருக்கு இந்திய சைவ உணவு வேண்டும் என்று சொல்லிவைத்தோம். எங்களுக்குப் பரிமாறிய பையனுக்குக் கன்னியாகுமரி மாவட்டம். நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு, "அக்கா, நாளைக்கு ரசம் சொல்லட்டுமா?" என்றான். சமையற்கட்டில் யாரிடம் எப்படிச் சொன்னானோ, மறுநாள் மிளகும் சீரகமும் தட்டிப் போட்ட ரசம் வந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் மாதக்கணக்கு இருக்கிறதாம். வீட்டில் சின்னக் குழந்தை. கடைசி இரவு அவன் கையில் தனியாக ஒரு உறை கொடுத்தோம். கணக்கில் ஏறும் டிப்ஸ் பலருக்கும் பிரிந்து போவது, இது அவனுக்கு மட்டும்.

பார்படோஸ் சென்னைத் தோழியின் தீவு. கப்பல் கட்டும் இடத்திலிருந்து கென்சிங்டன் ஓவல் மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். 2024 ஜூன் 29 அன்று இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்ற இடம். வெளியே நிற்கும் பழைய கிரிக்கெட் வீரர் சர் கார்ஃபீல்ட் சோபர்ஸ் சிலையருகே வெயிலைப் பொருட்படுத்தாமல் கடைசி ஓவரை எங்களுக்கு முழுசாக நடத்திக் காட்டினாள். தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும், ஹர்திக் பாண்டியா வீசுகிறார், மில்லர் தூக்கி அடிக்கிறார், எல்லைக்கோட்டில் சூர்யகுமார் பிடித்து, உள்ளே போட்டு, வெளியே கால் வைத்து, மறுபடி உள்ளே வந்து பிடிக்கிறார். அந்த ஓட்டத்தையும் அவளே ஓடிக் காட்டினாள். அந்த வழியாகப் போன உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்துக் கைதட்டிவிட்டு, அந்தத் தீவின் வேகப்பந்து வீச்சாளர்கள் மார்ஷல், கார்னர் காலத்துக் கதைகளை ஆரம்பித்தார். கடற்கரைக்குப் போக வைத்திருந்த நேரத்தில் பாதி அவரிடமே போனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

செயின்ட் லூசியாவில் காஸ்ட்ரீஸ் துறைமுகத்திலிருந்து படகில் மேற்குக் கரையோரமாக சூஃப்ரியேர் வரை போனோம். இரண்டு பிட்டோன் சிகரங்கள் கடலிலிருந்து நேராக 700 மீட்டருக்கும் மேல் எழும்பி நிற்கின்றன. 2004 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பவை. சாலை வழியே போனால் வளைவுகள் அதிகம், முட்டிவலியோ தலைசுற்றலோ இருப்பவர்களுக்குப் படகுதான் நல்லது.

அப்புறம் மார்டினிக். அன்று காரைக்கால்காரி எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தயாராகி இறங்கும் வாசலில் நின்றாள். 1946 முதல் இந்தத் தீவு பிரான்ஸின் ஒரு மாவட்டம். யூரோதான் செலாவணி, தபால் பெட்டிகூட பாரிஸில் பார்க்கும் அதே மஞ்சள். ஃபோர்ட் டி பிரான்ஸ் மூடுசந்தை துறையிலிருந்து நடக்கும் தூரம். உள்ளே நுழைந்ததுமே மணம் தூக்கியது. கொலம்போ என்ற மசாலாப் பொடியைப் பை பையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு. கோழியையும் ஆட்டையும் இதில்தான் கொதிக்க வைப்பார்களாம். ஒரு கடையில் வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தார். இவள் பிரெஞ்சில் தன் ஊரைச் சொன்னாள். அந்த அம்மாள் எழுந்து வந்து இவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தன் குடும்பப் பெயர் ராமசாமி என்றார். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் ஆடி மாதத்தில் நம் ஊரில் அம்மனுக்குச் செய்வதுபோல வடக்கே பாஸ் புவாந்த் பக்கம் மாரியம்மனுக்கு ஆடு வெட்டிப் பூசை நடக்கும், மேளம் அடிப்பார்கள், தன் அண்ணன் அங்கே முன்நின்று நடத்துபவர் என்றார்.

நடந்தது இதுதான். 1848இல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தார்கள். முதலாளிகள் பிரெஞ்சு இந்தியாவின் பக்கம் கண்ணைத் திருப்பினார்கள். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களை மார்டினிக்கில் இறக்கியது. அதற்குப் பின் சுமார் முப்பது ஆண்டுகளில் 25,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் ஏறிய முக்கியத் துறைமுகங்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்று சொல்லி அழைத்து வரப்பட்டவர்களில் எத்தனையோ பேர் இங்கேயே மண்ணாகிப் போனார்கள்.

மதியம் டாக்சி பிடித்து செயின்ட் பியேர் போனோம். அந்தக் காலத்தில் தீவின் பெரிய வணிகத் துறைமுகம் அதுதான். 1902 மே 8 காலையில் பெலே எரிமலை வெடித்துப் பாய்ந்த நெருப்புப் புகையில் சில நிமிடங்களில் ஊரே அழிந்தது, ஏறக்குறைய 28,000 பேர் இறந்தார்கள். தடித்த கல்சுவர் கொண்ட தனிச்சிறையில் கிடந்த சிப்பாரிஸ் என்ற கைதி தீக்காயங்களோடு பிழைத்தார். அந்த அறை இன்னும் இருக்கிறது, பக்கத்திலேயே இடிந்த நாடகக் கொட்டகையின் படிக்கட்டுகள். காரைக்கால்காரி அங்கே அதிகம் நிற்கவில்லை. கடலோரம் போய் நின்றாள். "மூணு மாசம் கப்பல்ல வந்து, இந்த மலையைத்தான் முதல்ல பாத்திருப்பாங்க இல்ல?" என்றாள். டாலஸ்காரி அவள் தோளில் கைபோட்டாள். நாங்கள் அதே கடலைக் குளிரூட்டிய அறையில், வேளைக்கொரு விருந்தோடு கடந்து வந்தவர்கள். அந்த நினைப்பு எனக்கு அன்று முழுதும் விலகவில்லை, விலக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

ஒன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாவில் போனால் வண்டி தாமதமானாலும் கப்பல் காத்திருக்கும். நாமே டாக்சி பிடித்தால் காத்திருக்காது. கப்பலின் கடிகாரமும் தீவின் கடிகாரமும் சில சமயம் ஒரு மணி நேரம் வேறுபடும். ஏற வேண்டிய கடைசி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் துறைக்கு வந்துவிட வேண்டும் என்று எங்களுக்குள் சட்டம் போட்டிருந்தோம்.

செயின்ட் கிட்ஸில் பழைய கரும்பு ரயிலில் ஒரு சுற்று, செயின்ட் தாமஸில் மேகன்ஸ் விரிகுடாவில் ஒரு குளியல். இரண்டும் அழகான இடங்கள். எங்கள் மனசுதான் மார்டினிக்கைவிட்டு வரவில்லை.

இப்போது வாட்ஸப் குழுவில் குவாதலூப் என்ற இன்னொரு பிரெஞ்சுத் தீவைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது. 1854 டிசம்பரில் அதே ஒரேலி கப்பல் அங்கேயும் ஆட்களை இறக்கியது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே போனார்கள், கபெஸ்தேரில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. குளிர்காலத்தில் சில ஐரோப்பியக் கப்பல்கள் குவாதலூப்பின் புவாந்தா பீத்ர் துறைமுகத்திலிருந்தே கிளம்புகின்றன. காரைக்கால்காரி பாரிஸிலிருந்து நேர் விமானம் பார்த்துவைத்துவிட்டாள். சென்னைத் தோழி விசா விண்ணப்பத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறாள். டாலஸ்காரி நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் கேபின் கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள்.