வன்னிக் குளக்கட்டில் சாம்பல்தலை மீன்கழுகு

மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட முத்தையன்கட்டு. திரும்பாமல் நேரே வடக்கே போனால் இரணைமடு. காடும் தண்ணீரும் ஒட்டிக் கிடக்கிற இப்படியான பெருங்குளங்களைத்தான் சாம்பல்தலை மீன்கழுகு தேடும். உலக அளவில் அச்சுறுத்தலை நெருங்கிய இனமாக வகைப்படுத்தப்பட்ட பறவை இது. அதைப் படமெடுக்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

அடையாளத்தில் பலர் பிழை விடுவார்கள். வெண்வயிற்றுக் கடற்கழுகும் குளங்களுக்கு வரும். அதன் குஞ்சுப்பருவ நிறம் பழுப்பு. வாலைப் பாருங்கள். மீன்கழுகின் வால் வெள்ளை, நுனியில் அகலமான கறுப்புப் பட்டை. உட்கார்ந்திருந்தால் இன்னும் சுலபம்: தலை சாம்பல், நெஞ்சு பழுப்பு, வயிற்றிலிருந்து தொடை வரை கோடு கிழித்தது போலத் தூய வெள்ளை.

மே முதல் ஆகஸ்ட் வரை போவதே நல்லது. டிசம்பர் முதல் மார்ச் வரை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். அப்போது கிட்டப் போகவே கூடாது. மேக்குப் பிறகோ, சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் திறந்தபின் குளம் இறங்கி, பட்ட மரங்கள் வெளியே தெரியும். வெளிச்சமும் அப்போதுதான் கைகொடுக்கும். இரணைமடுக் கட்டு குளத்தின் வடக்கில் இருப்பதால் அதில் நின்றால் தெற்கைப் பார்ப்பீர்கள். ஆனி, ஆடியில் சூரியன் வடகிழக்கில் எழும்பி, இடது தோளுக்குப் பின்னாலிருந்து பறவை மேல் விழும். மார்கழியில் தென்கிழக்கில் எழும்பி முகத்துக்கு நேரே அடிக்கும், பறவை இருண்டுபோகும்.

இந்தக் கழுகு வானத்தில் வட்டமிட்டு இரை தேடுவது குறைவு. பட்ட மரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, மேற்பரப்புக்கு வரும் மீனைத் தாழப் பறந்து பற்றும். அதனால் துரத்த வேண்டாம். எச்சம் படிந்த கொப்பைக் கண்டுபிடித்து, விடியும்போதே குறைந்தது 80 மீற்றர் தள்ளி உட்காருங்கள். 600 மி.மீ. லென்ஸில், முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கமராவில், அந்தத் தூரத்தில் பறவை சட்டத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வரும். அது போதும். உடம்பைத் தாழ்த்தி எச்சமிட்டால் பெரும்பாலும் பறக்கப் போகிறது. விரல் ஷட்டரில் இருக்கட்டும்.

ஷட்டர் வேகம், உட்கார்ந்திருக்கும்போது 1/500 செக்கன், பாயும்போது 1/2500. இருண்ட தண்ணீர் பின்னணியானால் வெள்ளை வயிறு வெளிறிப்போகும். கமராவில் வெளிச்சத்தை முக்கால் ஸ்டொப் (வெளிச்சத்தை அளக்கும் படி) குறைத்துவிடுங்கள். வெள்ளை வானம் பின்னணியானால் ஒரு ஸ்டொப் கூட்டுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீருக்கு மேல் வெப்பம் நெளியும். எவ்வளவு விலை கூடிய லென்ஸும் கூர்மை தராது. அந்தப் படங்களைத் திருத்திக் காப்பாற்ற முடியாது.

ஏசி அறையிலிருந்து வெளியே வந்தவுடன் கமராப் பையைத் திறந்தால் கண்ணாடியில் நீர் பூக்கும். அரை மணித்தியாலம் மூடியே வையுங்கள். சோளகக் காற்று அடிக்கும்போது லென்ஸ் மாற்றாதீர்கள். முக்காலி காற்றில் ஆடும். வெறும் துணிப்பையை எடுத்துப்போய், கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக் கட்டின் கல்லில் வைத்தால் லென்ஸ் அசையாது.

இருட்டில் காட்டுப்பாதையால் போகாதீர்கள், யானை நிற்கும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் ஓர் அடிகூட உள்ளே வைக்கக் கூடாது. குளக்கட்டையும் பழகிய பாதையையும் விட்டு இறங்காமல் எடுக்கிற படமே போதும். ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். இருந்தாலும் இந்தப் பறவைக்குக் கிட்ட ஓட்டாதீர்கள். பதிவுசெய்த குரலை ஒலிபரப்பி அழைப்பதும் வேண்டாம். கூடு கண்ணில் பட்டால், படத்தோடு சேரும் இடக்குறியீட்டை அழித்துவிட்டுத்தான் இணையத்தில் ஏற்றுங்கள்.