ஒரு பாட்டுக்கு ஒரு வருஷம்: என்3 தேர்வுக்கு நான் படித்த விதம்

2017 டிசம்பரில் ஜேஎல்பிடி என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்3 நிலை எழுதினேன். ஜனவரி கடைசியில் முடிவு வந்தது: 180க்கு 101. தேர்ச்சிக்கு 95 போதும். ஆனாலும் ஃபெயில். கேட்டல் பகுதியில் 17தான் வாங்கியிருந்தேன். மொத்த மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும், மூன்று பகுதிகளிலும் தலா 19 எடுத்தாக வேண்டும். என்3 எழுதப் போகிறவர்கள் முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டிய விதி இது. கான்ஜி (சீன மூலத்திலிருந்து வந்த எழுத்துகள்), இலக்கணம் என்று ராத்திரி பகலாகப் படித்துவிட்டு, காதைப் பழக்காமல் போய் உட்கார்ந்தேன். ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள்.

அப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பு உதவியாளர் வேலை. அங்கே அறுபது வயதில் ஒரு ஜப்பானிய ஆலோசகர் இருந்தார். பயிற்சிக்காக மதிய இடைவேளையில் பாட்டு கேட்பேன். ஒருநாள் ‘ஒயொகெ! தையகி குன்’ ஓடிக்கொண்டிருந்தபோது அவர் நின்றுவிட்டார்.

“ஷோவா 51” என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. ஜப்பானில் சக்கரவர்த்தியின் ஆட்சிக்காலத்தை வைத்தும் வருஷத்தை எண்ணுவார்கள்; ஷோவா அப்படி ஒரு காலம். ஷோவா வருஷத்தோடு 25 கூட்டினால் நம் கணக்கில் கடைசி இரண்டு இலக்கம் வரும். 51ம் 25ம் 76.

“அந்த ஏப்ரலில்தான் பள்ளிக்கூடம் முடித்து வேலைக்குச் சேர்ந்தேன். கடைத்தெருவில் எங்கே போனாலும் இந்தப் பாட்டுதான்.”

தையகி என்பது மீன் அச்சில் வார்த்து, உள்ளே இனிப்புப் பயறு வைத்துச் சுடும் பண்டம். அப்படி ஒரு மீன் கடைக்காரரோடு சண்டை போட்டுக் கடலுக்குத் தப்பி ஓடுகிற கதைதான் பாட்டு. குழந்தைகள் நிகழ்ச்சிக்காக வந்தது, 45 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. ஜப்பானில் இன்றுவரை எந்த சிங்கிளும் (தனிப்பாட்டு இசைத்தட்டு) அதைத் தாண்டவில்லை. தினமும் இரும்புத் தட்டில் சுடப்பட்டுச் சுடப்பட்டு அலுத்துப்போன மீனின் குரல் முதல் வரியிலேயே வரும். பதினெட்டு வயதில் தொழிற்சாலைக்குள் கால் வைத்தவருக்கு அது வெறும் குழந்தைப் பாட்டாக இருந்திருக்காது.

அன்று மாலை நோட்டில் ‘1976, ஷோவா 51’ என்று தலைப்பிட்டு, பாட்டிலிருந்து இரண்டே சொற்களை எழுதினேன். ‘ஒயொகெ’: நீந்து, கட்டளை வடிவம். ‘யகரெதெ’: சுடப்பட்டு, செயப்பாட்டு வினை. பாடப் புத்தகத்தில் பத்து தடவை படித்தும் ஒட்டாத செயப்பாட்டு வினை, அந்த மீனோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

அதிலிருந்து என் முறை இதுதான்: ஒரு பாட்டு, அது எந்த வருஷத்தை நினைவூட்டுகிறது, அதிலிருந்து ஒன்றிரண்டு இலக்கணம். அதற்கு மேல் எழுதக் கூடாது.

‘உயெ ஒ முயிதெ அருகோ’ 1961. சகமொதோ கியூ பாடியது. 1963இல் அமெரிக்காவில் ‘சுகியகி’ என்ற பெயரில் முதலிடத்துக்குப் போனது. தலைப்பைச் சொல் சொல்லாகப் பிரித்தால் மேல், ஐ, பார்த்து, நடப்போம். நம் வாக்கிய வரிசையேதான்! ‘தெ’ வடிவம் என்று வகுப்பில் மிரட்டுவது பெரும்பாலும் நம் வினையெச்சம். கண்ணீர் வழியாதபடி மேலே பார்த்து நடப்போம் என்று பாட்டு போகும். அந்த ‘படி’க்கு அங்கே ‘யோ நி’. 2011 மார்ச் சுனாமிக்குப் பிறகு தொலைக்காட்சி விளம்பரத்தில் பல கலைஞர்கள் ஆளுக்கொரு வரியாக இதைப் பாடினார்கள். ஆகவே என் நோட்டில் இதற்கு மட்டும் இரண்டு வருஷம்.

‘கவ நொ நகரெ நொ யோ நி’யிலும் அதே ‘யோ நி’ இருக்கிறது. ஆனால் இங்கே பொருள் ‘போல’: ஆற்றின் ஓட்டம் போல. ஷோவா சக்கரவர்த்தி 1989 ஜனவரி 7இல் காலமானார், மறுநாள் ஹெய்செய் என்ற அடுத்த காலம் பிறந்தது, 11ஆம் தேதி மிசொர ஹிபரியின் இந்தப் பாட்டு சிங்கிளாக வந்தது. போருக்குப் பின் சிறுமியாக மேடையேறி ஷோவா முழுக்கப் பாடியவர், அதே ஜூன் மாதம் 52 வயதில் போய்விட்டார். அந்த வருஷத்தை ‘ஹெய்செய் ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘ஹெய்செய் கன்னென்’. இந்த இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்த பிறகு ‘யோ நி’ கேள்வியில் நான் தடுமாறவே இல்லை.

2003க்கு ‘செகை நி ஹிதொட்சு தகெ நொ ஹன’. உலகத்தில், ஒன்று மட்டுமேயான, பூ. ‘தகெ’ முடிந்தது.

பயிற்சி எப்படி என்றால், இருபது விநாடி கேட்டுவிட்டு நிறுத்தி, கேட்டதை ஹிரகனா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் எழுதுவேன். பிறகு பாடல் வரியோடு ஒப்பிடுவேன். தமிழில் எழுதிப் பழகாதீர்கள், இதை அழுத்தமாகவே சொல்கிறேன். ‘ககி’ என்று எழுதினால் அது சீமைப் பனிச்சைப் பழமா, சாவியா? ஜப்பானியத்தில் இரண்டாம் எழுத்தின் ஒலிப்பு வேறு, நமக்கு ஒரே ‘கி’. மேலே நான் எழுதியிருக்கும் தலைப்புகளையும் உச்சரிப்பாக எடுத்துக்கொள்ளாமல் மூலத்தைக் கேளுங்கள். ஆனால் குறில் நெடிலும் இரட்டிப்பும் நம் காதுக்குச் சொந்தம். ‘கிதெ’ வேறு, தபால்தலையான ‘கித்தெ’ வேறு என்பதை வேறு மொழிக்காரர்கள் மெனக்கெட்டுப் பிடிப்பார்கள், நமக்கு அது கேட்ட மாத்திரத்தில் தெரியும்.

பாட்டை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். பாட்டில் வேற்றுமை உருபுகள் உதிர்ந்துவிடும், சொல்லின் ஏற்ற இறக்கம் மெட்டுக்கு வளைந்துவிடும். தேர்வில் வருவது அலுவலகப் பேச்சும் கடைப் பேச்சும். அதனால் செப்டம்பரோடு நோட்டை மூடி வைத்தேன். காலையில் பஸ்ஸில் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கேயின் எளிய ஜப்பானியச் செய்திகள், ஞாயிற்றுக்கிழமை கேட்டல் பகுதிக்குரிய 40 நிமிடத்தை அப்படியே ஓடவிட்டு ஒரு மாதிரித் தேர்வு. இடையில் நிறுத்தவே மாட்டேன்.

2018 டிசம்பர் 2ஆம் தேதி மறுபடி எழுதினேன். கேட்டலில் 36.

என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பது யொனெசு கென்ஷியின் ‘லெமன்’. அந்த வருஷம் ஜப்பானில் எல்லோர் காதிலும் இருந்த பாட்டு. அதிலிருந்து எடுத்தது ஒரே சொல், ‘நராபா’: ஆக இருந்தால். அந்தப் பக்கத்துக்கு ஆலோசகரே பேனா வாங்கித் தேதி போட்டார், ஹெய்செய் 30 என்று.