அப்பாவின் பெயரில் என்னை அழைத்த ஊர்

லண்டனுக்கு வந்த முதல் மாதத்தில், மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ஈரோட்டுப் பக்கம் சிவகிரியில் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் மனிதரை இங்கே யார் தேடுகிறார்கள் என்று ஒரு கணம் திகைத்தேன். ஊரில் ஒற்றைத் தலைப்பெழுத்தாக இருந்ததைக் கடவுச்சீட்டுக்காக விரித்து எழுதியதால், வங்கி அட்டையிலும் வாடகை ஒப்பந்தத்திலும் சம்பளச் சீட்டிலும் அப்பாவின் பெயரே என் பெயராகிவிட்டது. என் சொந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடாத நாட்கள் வாரக்கணக்கில் நீண்டன. அந்த வலியை இன்றும் மறக்கவில்லை; என் தொழிலின் மையச் சிக்கலை எனக்குப் புரியவைத்தது அதுதான்.

1947 முதல் ஆவணவியல் கற்பிக்கப்படும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்துவிட்டு, பெண்கள் வரலாற்று ஆவணங்களைப் பட்டியலிடும் பணிக்கு வந்தேன். வந்து சேர்ந்த ஒழுங்கைக் கலைக்காமல் தாள்களைப் பிரிப்பது, துருவேறிய குண்டூசிகளை அகற்றுவது, அமிலமில்லாத உறைகளில் இடுவது, பென்சிலால் மட்டுமே எழுதுவது என்று கைப்பழக்கத்தில் வரும் வேலைகள் பல உண்டு. அவற்றை விரைவில் கற்றுக்கொள்ளலாம். ஒரு பெண்ணின் பெயரைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

நான் முதலில் கையாண்ட பெட்டியின் மேல் ஒரு கனவானின் பெயர் இருந்தது. பழைய பட்டியலில், ‘மனைவியின் கடிதங்கள், வீட்டு விவகாரம்’ என்று ஒரே வரி. திறந்து படித்தால், பள்ளிக்கூடம் நடத்தவும் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுக் கையெழுத்துத் திரட்டவும் அந்த அம்மையார் பட்ட பாடெல்லாம் அவற்றில் இருந்தது. ஆனால் கையொப்பமோ கணவரின் பெயரோடு ‘திருமதி’ சேர்த்தது. திருமணப் பதிவேட்டைத் தேடி அவருடைய இயற்பெயரைக் கண்டேன். தந்தையின் பெயரும் தொழிலும் கிடைத்தன, தாயைக் காணவில்லை. இங்கிலாந்தின் திருமணப் பதிவுகளில் 1837 முதல் தாயின் பெயருக்கு இடமே இல்லை என்பதையும், 2021 மே மாதத்தில்தான் அது சேர்க்கப்பட்டது என்பதையும் அறிந்தபோது, என் தலைப்பெழுத்தில் அம்மா எங்கே இருக்கிறாள் என்ற கேள்வி எழுந்தது.

1926இல் தொடங்கி, 2013 முதல் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் பொறுப்பில் இருக்கும் பெண்கள் நூலகத்துக்கு விடுமுறை நாளிலும் போவேன். அங்கே அறிந்த கதை இது: 1866 ஜூன் 7 அன்று ஏறத்தாழ 1,500 பெண்கள் கையெழுத்திட்ட வாக்குரிமை மனுவை, எமிலி டேவிஸும் எலிசபெத் காரெட்டும் நாடாளுமன்ற வளாகத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்கு எடுத்துச் சென்றார்கள். பெரிய சுருளாக இருந்ததால், அதை அவையில் அளிக்கவிருந்த உறுப்பினர் ஜான் ஸ்டூவர்ட் மில் வரும்வரை, அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த பெண்ணின் மேசைக்கு அடியில் அதை மறைத்து வைத்தார்களாம். அச்சிட்ட பெயர்ப் பட்டியல் இருப்பதால் கையெழுத்திட்டவர்களை அறிகிறோம். எனக்கோ அந்த ஆப்பிள்காரியின் பெயர் வேண்டும்.

நம் பக்கத்துக் கதையும் இதிலிருந்து தொலைவில் இல்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலை முன்னின்று நடத்திய நாகம்மையாரும் கண்ணம்மாளும், பெரியாரின் மனைவி, தங்கை என்றே பெரிதும் சொல்லப்படுகிறார்கள். ‘குடி அரசு’ இதழின் வெளியீட்டாளராகக் கண்ணம்மாளின் பெயர் இருந்தது. அந்தப் பொறுப்புக்காகவே அவர் சிறைக்கும் போனார். வெளியிடுபவர் யார் என்பதை இதழில் அச்சிடவேண்டும் என்று சட்டம் கேட்டதால், அந்த இடத்தில் அவர் எவருடைய உறவாகவும் அல்லாமல் தாமாகவே நிற்கிறார். கருமாதிப் பத்திரிகைகளிலும் கல்வெட்டு மொழியிலும் தேடுவதைவிட, இத்தகைய கட்டாயப் பதிவுகளில் பெண்களைத் தேடுவது பலன் தரும் என்பது என் அனுபவம்.

சென்ற தை மாதம் ஊருக்குப் போனபோது, அம்மிச்சியின் (அம்மாவின் அம்மா) தகரப்பெட்டியிலிருந்து மூன்று மொய் நோட்டுகள் வந்தன. தோட்டத்தின் பெயர், ஆணின் பெயர், தொகை. பக்கத்துக்குப் பக்கம் அப்படியே.

“பொம்பளைங்க யாரும் மொய் வெக்கலீங்களா அம்மிச்சி?”

“வெக்காம என்ன கண்ணு? பணம் அவிய கொடுத்ததுதான். பேரு ஊட்டுக்காரரோடது.”

நோட்டில் ஆண்டு இல்லை. “உங்கம்மாளுக்கு எழுதிங்கள் சீர் வெச்ச வருசம்” என்று, மணமான பெண்களுக்குக் கொங்குப் பகுதியில் செய்யும் சடங்கைச் சுட்டி அம்மிச்சி சொன்னதைக் கொண்டு காலத்தைக் குறித்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து, அந்த வீட்டுப் பெண்ணின் பெயரை அவர் சொல்லச் சொல்ல, நோட்டின் மேல் ஒரு கோடும் விழாமல் தனித்தாளில் பென்சிலால் எழுதினேன். பொழுது சாய்ந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகும்வரை நாற்பத்தொரு பெயர்கள் வந்திருந்தன. இன்னும் இரண்டு நோட்டுகள் மிச்சமிருந்தன.