மாடித் தண்ணீரை முதலில் சம்புக்கு விடுங்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடியில் விழும் மழையை முதலில் சம்புக்கு, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு, கொண்டு போங்கள். சம்பு நிரம்பி வழிவது கிணற்றுக்குப் போகட்டும். மண்ணுக்குள் விடும் குழியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள், ஊரே குழி வெட்டியது. நல்ல காரியம், பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறியது. ஆனால் அதிலிருந்து மழைநீர் சேகரிப்பு என்றாலே குழி என்று நம் மனதில் பதிந்துவிட்டது. குழிக்குள் போன தண்ணீர் நமக்கு எவ்வளவு திரும்பி வரும் என்பது மண்ணைப் பொறுத்தது. சென்னையில் பெசன்ட் நகர் மாதிரி கடலோர மணலில் மடமடவென்று இறங்கிவிடும். அங்கே அது அவசியமும்கூட, ஏனென்றால் நல்ல தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் கடல் உப்பு உள்ளே வந்துவிடும். மழைநீர் சேகரிப்பு ஆர்வலர் சேகர் ராகவன் 1990-களிலேயே அந்தப் பக்கம் வீடு வீடாகப் போய் மழையை மண்ணுக்குள் விடச் சொன்னார். மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் களிமண், ஆழம் குறைவான குழி வெட்டினால் தண்ணீர் இறங்காமல் தேங்கித்தான் நிற்கும். சம்பில் விழுந்தது அப்படியில்லை, அன்றைக்கே மோட்டார் போட்டு மேலே ஏற்றிவிடலாம்.

கணக்கு ரொம்ப எளிது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். செய்தியில் "2 சென்டிமீட்டர் மழை" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்களே, அந்த ஒரு மழையில் உங்கள் மாடியில் மட்டும் 1,860 லிட்டர் விழுந்திருக்கிறது. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. வீணாவதை எல்லாம் தள்ளினாலும் ஒரு லட்சம் லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரி எட்டுக்கு மேல்! 2019 கோடையில் லாரிக்கு புக் பண்ணிவிட்டு நாள் கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது என்ன கணக்கு என்று விளக்க வேண்டியதில்லை. சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதற்கு நான்கே வருஷம் முன்னால், 2015 டிசம்பரில், இதே ஊர் வெள்ளத்தில் கிடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சரி, எங்கள் வீட்டில் இருக்கும் அமைப்பைச் சொல்கிறேன். மாடியிலிருந்து இறங்கும் பிவிசி குழாயில், கீழே 'T' வடிவ இணைப்பு ஒன்று போட்டு அதன் ஒரு முனையில் கழற்றி மாட்டும் மூடி. முதல் மழைக்கு அந்த மூடியைக் கழற்றி வைத்துவிடுவோம். புறா எச்சம், வேப்பிலைச் சருகு, தூசி எல்லாம் சேர்ந்து டிகாக்ஷன் நிறத்தில் ஓடும். தெளிந்ததும் மூடியை மாட்டினால் தண்ணீர் 200 லிட்டர் நீல டிரம்முக்குப் போகும். டிரம்மில் அடியில் பெரிய ஜல்லி, அதன் மேல் கூழாங்கல், மேலே மணல், நடுவில் நைலான் வலை. தண்ணீர் விழும் இடத்தில் ஒரு ஓட்டுத் துண்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் பள்ளம் பறித்துவிடும். அடியிலிருந்து ஒரு குழாய் சம்புக்கு. அடைமழையில் டிரம் வடிகட்டும் வேகம் போதாது, அதனால் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு குழாய் கிணற்றுக்கு. இந்த இரண்டாவது குழாயைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் டிரம் பொங்கி வாசலெல்லாம் தண்ணீர் என்று புலம்புகிறார்கள்.

சம்பில் வெயில் படவே கூடாது, பட்டால் பாசி பிடிக்கும். காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள், டெங்கு கொசு தேங்கி நிற்கும் நல்ல தண்ணீரில் முட்டையிடும். குடிப்பதற்கு என்றால் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பருப்பு இந்தத் தண்ணீரில் எவ்வளவு சீக்கிரம் வேகிறது என்று ஒரு தடவை பாருங்கள், எங்கள் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரில் அது நடக்கவே நடக்காது.

போர் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: வடிகட்டாத தண்ணீரை நேராக போருக்குள் இறக்கவே இறக்காதீர்கள், சேறு போய் அடைத்துக்கொள்ளும். பழைய கிணறு இருந்தால் அதை மூடிவிட்டு கார் நிறுத்த இடம் பண்ண வேண்டாம், தண்ணீர் வற்றியிருந்தாலும் பரவாயில்லை, மழையை வாங்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் வீட்டில் இல்லை. 2003-ல் வெட்டிய குழி இருந்தால் செப்டம்பரிலேயே மூடியைத் திறந்து பாருங்கள். மேல் மணலில் வண்டல் படிந்து கெட்டிப்பட்டிருந்தால் குழி இருந்தும் பயனில்லை. அதைச் சுரண்டி எடுத்து, கல்லை அலசிப் போட வேண்டும்.

வீட்டுக்குள் மிச்சம் பிடிப்பதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது ஆர்ஓ மிஷின்தான். ஒரு லிட்டர் குடிக்க எடுத்தால் அதைவிட அதிகமாக வெளியே தள்ளுகிறது. அந்தக் குழாயை ஒரு வாளியில் விட்டு, வீடு துடைக்க, கக்கூஸில் ஊற்ற வைத்துக்கொள்ளலாம். செடிக்கு வேண்டாம், உப்பு சேரும். செடிக்கு அரிசி களைந்த தண்ணீரும் ஏசி தண்ணீரும் இருக்கிறதே.

"நாங்க பிளாட்ல இருக்கோம், எங்களால என்ன பண்ண முடியும்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். எல்லாக் குழாயையும் இணைக்க வேண்டாம். சம்புக்குப் பக்கத்தில் இறங்கும் ஒரு குழாயில் மட்டும் தொடங்குங்கள், செலவும் குறைவு, அசோசியேஷனில் ஒத்துக்கொள்வதும் சுலபம். ஆனால் முதல் மழை ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் அந்த மூடியை யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.