ஞாயிற்றுக்கிழமை கை வைத்த வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால்

காலையில் காய்கறி வாங்கப் போய்வந்த கார், மத்தியானம் ஏர் ஃபில்டரை மாற்றி பானட்டை மூடியதும் ஸ்டார்ட் ஆகவில்லை. உடனே ஃபியூயல் பம்ப் போயிற்றோ, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் போயிற்றோ என்று மனம் ஓடும். ஓட விடாதீர்கள். நாலு வருஷம் ஒழுங்காக ஓடிய பம்ப், நீங்கள் ஸ்பானர் எடுத்த அந்த ஒரு மணி நேரத்தில் சாவது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். எதைக் கழற்றினீர்கள் என்பதோடு, அதை எட்டுவதற்காக எதையெல்லாம் ஒதுக்கினீர்கள் என்பதையும் நினைவிலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். பிளக் மாற்ற ஏர் பாக்ஸைத் தூக்கியிருப்பீர்கள். அதைத் தூக்கும்போது ஒரு ஓஸ் பிடுங்கியிருக்கும். அந்த ஓஸ் பட்டியலிலேயே வராது. கடைசியில் செய்ததிலிருந்து முதலில் செய்தது வரை பின்னோக்கிப் போங்கள்.

அதற்கு முன்னால் ஒரு தடவை சாவியைத் திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். செல்ஃப் எடுக்கவே இல்லையா, செல்ஃப் எடுத்தும் இன்ஜின் பிடிக்கவில்லையா, பிடித்து உடனே அணைகிறதா? மூன்றும் மூன்று வேறு வியாதிகள். இதைப் பிரிக்காமல் தேடினால் பேட்டரி டெர்மினல் லூஸாக இருக்கும் வண்டிக்கு பிளக் மாற்றிக்கொண்டிருப்போம்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றால் முதலில் பேட்டரி. வேலை செய்த நேரம் முழுக்கக் கதவு திறந்து, உள்விளக்கு எரிந்து, சாவி ஆனில் கிடந்து, பாட்டும் ஓடியிருந்தால் சின்ன வண்டியின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி களைத்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. ஹெட்லைட் பல்ப் மாற்றிவிட்டு எரியவிட்டுச் சோதித்தவர்கள் கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும்: 55 வாட் பல்ப் இரண்டு சேர்ந்தால் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், இரண்டு மணி நேரத்தில் பாதி பேட்டரி காலி. சென்னை வெயிலில் மூன்று வருஷம் கிடந்த பேட்டரி என்றால் அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை.

ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று கையில் இருந்தால் பாதி ஊகம் மிச்சம். 20 வோல்ட் டிசி-யில் வைத்து, பேட்டரி மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஈயக் கம்பங்களின் தலையில் நேராக மீட்டரின் இரண்டு முனைகளையும் வையுங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ், 12.2 பாதி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இது சும்மா இருக்கும்போது காட்டும் கணக்கு. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சுமை தாங்கவில்லை என்று அர்த்தம். 12.6 காட்டும் பேட்டரியும் செல்ஃபில் 7-க்கு விழும். உள்ளே ஒரு செல் போயிருக்கும்.

பேட்டரி நன்றாக இருந்து செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை என்றால் டெர்மினல் கிளாம்ப், அதாவது கம்பத்தைச் சுற்றிப் பிடிக்கும் வயர் முனை. டெர்மினலைச் சுத்தம் செய்து மாட்டியவர்களுக்கு வரும் முதல் பிரச்சினையே இதுதான். கிளாம்ப் கம்பத்தின் அடிவரை இறங்காமல், மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 10 எம்எம் ஸ்பானரில் நட்டு இறுகிவிடும், கிளாம்ப் இறுகியிருக்காது. கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஒரு துளி அசைந்தாலும் லூஸ்தான். உள்விளக்கு, ஹாரன், ஸ்டீரியோ எல்லாம் வேலை செய்யும், ஏனென்றால் அவற்றுக்குச் சில ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அப்போதுதான் அந்த அரைகுறைப் பிடிப்பு கழுத்தை நெரிக்கும். மீட்டரின் ஒரு முனை கம்பத்தில், மறு முனை கிளாம்பில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு சரியில்லை.

கம்பத்தின் அளவையும் பாருங்கள். மாருதி சின்ன வண்டிகளுக்கு வரும் 38 பி 20 எல் பேட்டரியில் கம்பம் மெலிசு. டிஐஎன் (DIN) வகை பேட்டரியில் தடிமன். வேறு அளவு பேட்டரியை வாங்கி மாட்டிவிட்டு, கிளாம்ப் பிடிக்கவில்லை என்று செம்புக் கம்பியையோ தகரத் துண்டையோ சொருகினால் இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் சிக்னலில் நிற்கும். கடைசி எழுத்து எல்-ஆ, ஆர்-ஆ என்பது ப்ளஸ், மைனஸ் எந்தப் பக்கம் என்பதைக் குறிக்கும். அது மாறிப்போய், வயர் எட்டுகிற கம்பத்தில் மாட்டிவிட்டால் மெயின் ஃபியூஸ் எரிவதோடு தப்பித்தால் அதிர்ஷ்டம். ஆல்டர்னேட்டர் டையோடும் சேர்ந்து போகலாம்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் மாதிரிக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூப்பது சீக்கிரம் நடக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். பேட்டரி மூடி ஓட்டைகளுக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. உள்ளே இருக்கும் ஆசிட்டை அது கெடுத்துவிடும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, கிளாம்பின் உட்புறத்தை உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்து மாட்டுங்கள். வாஸ்லின் தடவுவது இறுக்கிய பிறகு, மேலே மட்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், ப்ளஸ் நட்டைத் திருகும் ஸ்பானர் பாடியில் பட்ட நொடியில் தீப்பொறி பறக்கும்.

இன்னொரு இடம் எர்த் ஸ்ட்ராப். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜின் அல்லது கியர் பாக்ஸுக்கும் போகும் அந்தப் பின்னிய பட்டை. ஏர் பாக்ஸ், பேட்டரி தட்டு இவற்றைக் கழற்றும்போது அதன் போல்ட்டும் சேர்ந்து வந்திருக்கும். திருப்பி மாட்ட மறந்திருப்போம், அல்லது துருவின் மேல் மாட்டியிருப்போம். இதன் அடையாளம் வேடிக்கையானது: செல்ஃப் ‘டக்’ என்று ஒரே ஒரு தட்டுத் தட்டும், கிளட்ச் கேபிளோ கியர் கேபிளோ தொட்டால் சுடும். கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் கேபிளைப் பிடித்துக்கொண்டு போகிறது. இதைப் பார்த்தால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள், கேபிள் உருகும். சந்தேகமிருந்தால் ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பிலும் மாட்டிப் பாருங்கள். செல்ஃப் எடுத்துவிட்டால் குற்றவாளி பட்டைதான்.

வண்டிக்குள் வாக்யூம் போட்டுவிட்டு மேட்டைத் திருப்பிப் போட்டவர்களுக்கு: கிளட்சை அழுத்தினால்தான் செல்ஃப் எடுக்கும் வண்டிகளில், ஜி.பி. ரோட்டில் வாங்கிய தடித்த மேட் பெடலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தால் பெடல் கடைசி வரை இறங்காது, சுவிட்ச் தட்டாது. வண்டி மௌனமாக இருக்கும். மேட்டை உருவிவிட்டு மிதித்துப் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் லீவர் ‘பி’-யில் முழுதாக விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் மீட்டர் போர்டைக் கவனியுங்கள். சாவி படம் அல்லது பூட்டுப் படம் விடாமல் மின்னுகிறதா? திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. ரிமோட்டுக்கு சிஆர் 2032 பேட்டரி மாற்றினேன், பழைய சாவி உடைந்தது என்று புதுக் கூடு வாங்கிப் போட்டேன் என்பவர்கள் இங்கே நிற்கவும். பல சாவிகளில் இம்மொபிலைசர் சிப் என்பது ரிமோட் போர்டில் இருக்காது. அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புத் துண்டு கூட்டின் ஓரத்தில் தனியாகச் செருகியிருக்கும். பழைய கூட்டோடு அது குப்பைக்குப் போயிருக்கும். கதவு ரிமோட்டில் திறக்கும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. குப்பைக்கூடையைக் கொட்டித் தேடுங்கள். புதுச் சிப்பை வண்டிக்குப் பதிவு செய்வது அதைவிடப் பெரிய செலவு. அந்தச் சிப்புக்கு பேட்டரி தேவையில்லை என்பதால், ரிமோட் பேட்டரி செத்தது மட்டும் இதற்குக் காரணமாக இருக்க முடியாது.

சாவி விளக்கு ஒழுங்காக அணைகிறது என்றால், சாவியை ஆனில் வைத்தவுடன் பின்சீட் பக்கம் இரண்டு நொடி ‘ஈங்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். அது பெட்ரோல் பம்ப். வரவில்லையா, ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். டேஷ்கேம் வைக்க ஃபியூஸைப் பிடுங்கியிருந்தால் அது பக்கத்து ஓட்டையில் போயிருக்கலாம். நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். மூடியின் உட்பக்கம் இருக்கும் படத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 15 இருக்க வேண்டிய இடத்தில் 30 போட்டு ஓட்டுவது வயரைத் திரியாக்கும் வேலை. ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே எண் கொண்டவையாக இருந்தால் மாற்றிப் போட்டு, ரிலே நல்லதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம்.

ஆயில் மாற்றிய பிறகு இந்த நிலை என்றால் ஆயிலைச் சந்தேகிக்க வேண்டாம். ஃபில்டரைத் திருகும்போது முழங்கை பட்டு, இன்ஜின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சாரின் கப்ளர் (வயர் இணைப்பு) கழன்றிருக்கலாம். சில இன்ஜின்களில் அது அந்தப் பக்கம்தான் இருக்கும். அந்த சென்சார் சொல்லாமல் ஈசிஎம் தீப்பொறியும் தராது, பெட்ரோலும் தராது. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழ வேண்டும். செத்துக் கிடந்தால் அங்கே போங்கள். கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவி இருந்தால் பி 0335 என்று காட்டும். ஏர் பாக்ஸில் இருக்கும் காற்று வெப்ப சென்சாரை மாட்ட மறந்தால் பி 0113 வரும். ஆனால் அதனால் மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதில்லை, செக் இன்ஜின் லைட்தான் எரியும். அதை மாட்டிவிட்டுத் தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

பிளக் மாற்றியிருந்தால் பார்க்க வேண்டியவை கொஞ்சம் அதிகம். பிளக் வயர் உள்ள பழைய வண்டியில் வரிசை மாறியிருக்கும். நாலு சிலிண்டரில் தீப்பிடிக்கும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2, ஆனால் காயிலில் எந்த முனை எந்த சிலிண்டருக்கு என்பது வண்டிக்கு வண்டி வேறு. மாறினால் ‘டப்’ என்று பின்னால் வெடிக்கும். காயில் நேரடியாக உட்காரும் வண்டியில் கப்ளர் ‘கிளிக்’ என்று சத்தம் தரும் வரை தள்ள வேண்டும். கீழே விழுந்த பிளக்கைத் துடைத்து மாட்டக்கூடாது. வெள்ளைப் பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் போதும், பொறி அந்த வழியாக ஓடிவிடும். மாட்டும்போது முதல் சில சுற்று கையால், ரப்பர் ஓஸ் துண்டு ஒன்றைப் பிளக் தலையில் செருகித் திருகுங்கள். மரை தப்பினால் ஓஸ் வழுக்கும், ஸ்பானர் வழுக்காது. அலுமினிய ஹெட் வாங்கும் பணத்தை அந்த ஓஸ் துண்டு காப்பாற்றும். வாஷர் உட்கார்ந்ததும் புது பிளக்குக்கு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும்.

பலமுறை செல்ஃப் அடித்தபின் பெட்ரோல் வாடை வந்தால் பிளக் நனைந்துவிட்டது. பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் ஈசிஎம் பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் போய் உலர்த்தும். ஏழெட்டு நொடிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒரு நிமிஷம் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஆறவிடுங்கள்.

பிடித்து உடனே அணைந்தால் காற்று. காற்று நுழையும் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழுவியவர்கள் கிளீனரை அளவில்லாமல் அடித்திருந்தால், அது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் தேங்கி நிற்கும். கொஞ்ச நேரம் விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஸ்டார்ட் செய்தால் புகைந்துகொண்டே தெளியும். ஏர் ஓஸின் கிளாம்ப் பாதி விளிம்பில் ஏறி, அடிப்பக்கம் திறந்து கிடப்பது மேலே இருந்து பார்த்தால் தெரியாது. விரலை அடியில் விட்டுச் சுற்றித் தடவிப் பாருங்கள். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டி, கணக்கில் வராத அந்தக் காற்றைத் தாங்காது. மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஓஸ் கழன்றிருந்தால் ‘உஸ்’ என்று இரையும், பிரேக் கட்டையாக இருக்கும். அதை மாட்டாமல் வண்டியை நகர்த்தவே கூடாது.

டீசல் வண்டியில் ஃபில்டர் மாற்றியபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஏர் லாக், அதாவது டீசல் வழியில் காற்று அடைத்திருக்கிறது. கை பம்ப் உள்ள வண்டியில் அது கல்லு மாதிரி இறுகும் வரை அமுக்குங்கள். முப்பது நாற்பது அமுக்கு ஆகலாம். டேங்கில் மின்பம்ப் உள்ளதென்றால் சாவியை ஆனில் பத்து நொடி வைத்து அணைத்து, ஐந்தாறு தடவை. கேனில் இருந்து டீசலைப் புது ஃபில்டரின் நடு ஓட்டையில் ஊற்றி நிரப்பும் பழக்கம் தப்பு. பல ஃபில்டர்களில் அது சுத்தமான டீசல் வெளியேறும் பக்கம், தூசி நேராக இன்ஜெக்டருக்குப் போகும். அமுக்க அமுக்க இறுகவே இல்லை என்றால் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மடிந்திருக்கும் அல்லது பழைய ஓ-ரிங் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். லாரி காலத்து வழக்கப்படி இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் வேலை, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயரழுத்தக் குழாய் உள்ள காமன் ரெயில் வண்டியில் கிடையாது. ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே இறங்கும்.

இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தால் பிளக் குழிகளில் தண்ணீர் நிற்கும். காயிலை உருவி, துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுத்து, பானட்டைத் திறந்துபோட்டு இரண்டு மணி நேர வெயில் காட்டுங்கள். அக்னி நட்சத்திர நாளென்றால் அவ்வளவு நேரம்கூட வேண்டாம். ஏர் ஃபில்டர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் கதை வேறு: தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் ஒரு செல்ஃபிலேயே கனெக்டிங் ராட் வளையும். மெக்கானிக் வரும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

பட்டியலில் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை என்றால் மட்டும் எலி. அடுக்குமாடித் தரைத்தளத்தில் நிற்கும் வண்டிகளில் இன்ஜெக்டர் வயரைக் கடித்து வைத்திருக்கும். இன்ஜின் மேல் புழுக்கையோ நைந்த பஞ்சோ தெரியும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று தெருவில் நாலு பேர் கூடுவார்கள். பேட்டரி இறங்கிய மேனுவல் வண்டிக்கு மட்டும், அதுவும் மீட்டர் போர்டு விளக்கு எரியும் அளவுக்காவது கரண்ட் இருந்தால் பலிக்கும். இம்மொபிலைசர், ஃபியூஸ், சென்சார் கோளாறுக்குத் தள்ளினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்டரைக் கெடுக்கும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் ‘சும்மா நின்ற வண்டி அண்ணே’ என்று சொல்லாமல், எழுதி வைத்த அந்தத் தாளை அப்படியே நீட்டுங்கள். அவரும் கடைசி வரியிலிருந்துதான் தொடங்குவார்.