64 எம்பி இருந்தும் 640 கேபிக்குத் திண்டாட்டம்

துபாயிலிருந்து விடுப்பில் கீழக்கரைக்கு வந்த பக்கத்து வீட்டுக் காக்காவுக்கு (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்), கல்லூரிக் காலத்தில் விளையாடிய விமானச் சண்டை விளையாட்டை மறுபடியும் ஆட வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. அவருடைய 16 ஜிபி மடிக்கணினி அதைத் திறக்கவே மறுத்தது. 64 பிட் விண்டோஸ், அதற்கு முந்தைய இயங்குதளமான டாஸ் காலத்து 16 பிட் நிரல்களை இயக்காது என்று நான் சொன்னதை, அவ்வளவு விலை கொடுத்து வாங்கியவர் என்ற முறையில் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே பரணிலிருந்து விண்டோஸ் 98 பெட்டியை இறக்கினோம். உப்புக்காற்று தன் வேலையைக் காட்டியிருந்தது. தற்காலிக நினைவகமான ரேம் கார்டின் பொன்னிறப் பற்களில் பச்சை பூத்திருந்தது. லாத்தா (அக்கா) மகனின் பென்சில் ரப்பரால் அதைத் தேய்த்து மாட்டிய பிறகுதான், பெட்டி பீப் பீப் என்று கத்துவதை நிறுத்தியது. டாஸில் விளையாட்டைத் தொடங்கினால், நினைவகம் போதாது, 600 கேபி வேண்டும் என்றது. பெட்டியில் இருந்ததோ 64 எம்பி! நினைவகம் என்ற சொல் காதில் விழுந்ததும் காக்கா ஹார்ட் டிஸ்கில் இருந்த லாத்தாவின் நிக்காஹ் படங்களை அழிக்கப் போனார். லாத்தா அந்த நேரத்தில் தேநீரோடு வந்ததால் படங்கள் பிழைத்தன.

1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சிப்புக்கு 1 எம்பிக்கு மேல் எட்டாது. அதிலும் மேலே 384 கேபியைத் திரைக்கும் கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸுக்கும் எடுத்துக்கொண்டு, நிரல்களுக்கு 640 கேபியைத்தான் விட்டார்கள். பிறகு எத்தனை எம்பி சேர்த்தாலும் பல டாஸ் விளையாட்டுகள் அந்த 640க்குள்தான் இடம் தேடும். டாஸும், சிடியையும் மவுஸையும் இயக்கும் டிரைவர் நிரல்களும் அங்கேயே இடம்பிடித்திருக்கும். இதைக் கேட்ட காக்கா, “அப்படியென்றால் தம்பி, வீடு நிறைய அறை இருந்தும் விருந்தாளிக்குத் திண்ணைதான், அதிலும் மூட்டையை அடுக்கி வைத்திருக்கிறீர்கள்” என்றார். இவ்வளவு தெளிவாக எந்தக் கணினிப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

கணினி தொடங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் கோப்பில், 640க்கு மேலுள்ள நினைவகத்தைத் திறந்துவிடும் ஹைமெம்.சிஸ், ஈஎம்எம்386 இரண்டையும் வரிசையாக எழுதி, ‘டாஸ்=ஹை,யூஎம்பி’ என்ற வரியையும் சேர்த்து, சிடி டிரைவரை ‘டிவைஸ்ஹை’ மூலமும் மவுஸ் டிரைவரை ‘லோட்ஹை’ மூலமும் 640க்கு மேலே ஏற்றினேன். காலி இடத்தைச் சொல்லும் ‘மெம்’ கட்டளை 600ஐத் தாண்டிய எண்ணைக் காட்டியதும் காக்கா மாஷா அல்லாஹ் என்றார்.

விளையாட்டு ஓடியது, மெதுவான பழைய சிப்புக்காக எழுதப்பட்டது என்பதால் கண்மண் தெரியாமல் ஓடியது. விமானம் கிளம்பியதும் தெரியவில்லை, விழுந்ததும் தெரியவில்லை. அதுவரை வாய் திறக்காதிருந்த லாத்தா மகன், மடிக்கணினியில் பழைய டாஸ் கணினியைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலை நிறுவினான். அதில் எதையும் தொடாமலே ஏறக்குறைய 630 கேபி காலியாக இருந்தது. கண்ட்ரோல் விசையோடு எஃப்11ஐத் தட்டினால் வேகமும் குறைந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, “நீங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தீர்கள் மாமா” என்றான்.

காக்கா இப்போது இஷா தொழுகைக்குப் பிறகு தினமும் விமானம் ஓட்டுகிறார். பரணிலிருந்து இறக்கிய பெட்டி கூடத்தில் அப்படியே கிடக்கிறது. அதை யார் மேலே ஏற்றுவது என்று லாத்தா கேட்கும்போதெல்லாம் அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறார்.