கேட்பவரின் முகம்

சனிக்கிழமைகளில் நான் அலுவலக நாட்களைவிட முன்னதாகவே எழுந்துவிடுகிறேன். கோலாலம்பூரின் செந்தூல் நிலையத்தில் கொமுட்டர் ரயிலேறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலைக்கு நடந்து சேரும்போது வானம் இன்னும் வெளுத்திருக்காது. கடைகளில் பாதி மூடிக் கிடக்கும். பூக்கடைகளில் மட்டும் விளக்கு எரியும். காலை நடைக்குக் கேமராவும் 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் போதும். மாலையில் நாடக ஒத்திகை இருந்தால் 85 மில்லிமீட்டர் லென்ஸும் பையில் சேர்ந்துகொள்ளும். ஏழு ஆண்டுகளாக என் வார இறுதிகள் பெரும்பாலும் இப்படித்தான் கழிகின்றன. காலையில் தெருவிலும் மாலையில் அரங்கிலுமாகச் செய்கிற இந்த இரண்டு வேலைகளும் வெவ்வேறு என்றுதான் தொடக்கத்தில் எண்ணியிருந்தேன்.

நம் நகரத்தில் படம் பிடிக்க விரும்புகிறவர்கள் முதலில் அறிய வேண்டியது வெளிச்சத்தின் கணக்கை. 1982 ஜனவரி 1ஆம் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டன. அதனால் கோலாலம்பூரில் சூரியன் ஏழு மணியை ஒட்டியே எழுகிறது. பிப்ரவரியில் அது ஏழரையை நெருங்கிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்கிறோம் என்பதால், எழுந்த சூரியன் சாய்வாக ஊர்ந்து கொண்டிராமல் ஏறக்குறைய நேராக மேலே ஏறிவிடுகிறது. மஞ்சள் படிந்த அந்த மென்வெளிச்சம் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. அதன் பிறகு எடுக்கிற முகங்களில் கண்குழி கறுத்து, நெற்றி மட்டும் வெளுத்துத் தெரியும். ஆனால் பெரியவர்கள் அஞ்சடி என்று சொல்லும் கடைமுகப்பு நடைபாதைகளுக்குள் ஒதுங்கிவிட்டால் இன்னும் சற்று நேரம் கிடைக்கும். அங்கே வெளிச்சம் சாலைப் பக்கத்திலிருந்து மட்டும் வந்து விழும். பின்னால் கடையின் இருட்டு. ஒரு பக்கம் ஒளி, பின்னால் இருள் என்ற இந்த அமைப்பைத்தான் பிறகு அரங்கிலும் பார்த்தேன்.

பூக்கடைகளில் எல்லோரும் தொடுக்கிறவர்களின் விரல்களைத்தான் படம் பிடிப்பார்கள். நானும் பிடித்திருக்கிறேன், நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்ட அந்தப் படங்களில் எதையும் இன்று திறந்து பார்ப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பில் சென்றபோது, மாலைக்காகக் காத்திருந்த முதியவர் ஒருவரைக் கண்டேன். பத்து வெள்ளி (ரிங்கிட்) பணத்தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரண்டு விரல்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, மல்லிகை கட்டப்படுவதைப் பார்த்தபடி உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஏதோ துதியாக இருக்கலாம், மொட்டுகளை எண்ணியிருக்கவும் கூடும். அவரிடம் கேட்டு, அவர் தலையசைத்த பிறகு இரண்டு படங்கள் எடுத்தேன். அதன் பிறகு அவர் என்னை மறந்து மீண்டும் மாலையைப் பார்த்த நொடியில் எடுத்த மூன்றாவது படம்தான் என்னிடம் உள்ள தெருப் படங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. அதை நான்கு ஆர் (4×6 அங்குல) அளவில் அச்சிட்டு, அடுத்த மாதம் அதே கடையில் கொடுத்துவைத்து, அவரிடம் சேர்த்தேன். யாரைப் படம் பிடித்தாலும் ஓர் அச்சுப்படியாவது அவர் கைக்குப் போக வேண்டும் என்பதை நான் விடாமல் கடைப்பிடிக்கிறேன்.

தைப்பூசத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. துன் எச்.எஸ். லீ சாலையில் உள்ள, 1873இல் தோன்றிய மகா மாரியம்மன் கோயிலிலிருந்து இரவில் புறப்படும் வெள்ளி இரதத்தையும், 2018இல் வண்ணம் பூசப்பட்ட பத்துமலையின் 272 படிகளையும் உலகமே படம் பிடிக்கிறது. அங்கே எனக்குக் கிடைப்பவை பெரும்பாலும் காவடிக்குப் பின்னால் செம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தங்கைமார்களும் அம்மாக்களும்தான்.

அரங்கத்துக்கு வருகிறேன். என் சித்தப்பா மகள் நடித்த ஒரு நாடகத்துக்கு முதன்முதலாகக் கேமராவோடு சென்றேன். துன் சம்பந்தன் மாளிகையில் உள்ள டான்ஸ்ரீ சோமா அரங்கில் அது நடந்தது. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் இருக்கும் அந்த மேடையில் ஏறாத தமிழ்க் கலைஞர்கள் இந்நகரத்தில் குறைவு. தானியங்கி முறையில் நானூறு படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், எல்லா முகங்களும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப் போயிருந்தன. மேடையின் பெரும்பகுதி கறுப்பாக இருப்பதால், கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதும் இருட்டு என்று கணித்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. ஒளி விழுந்த முகம் அதில் எரிந்துபோகிறது. மேடையில் தானியங்கியை நம்பக் கூடாது என்பதை அன்று கற்றேன். இப்போது முகத்தின் மீது மட்டும் புள்ளி அளவீடு செய்து, லென்ஸின் துவாரத்தை நன்றாகத் திறந்து எஃப் 2க்கு அருகில் வைத்து, ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 3200இல் தொடங்கி, விநாடியில் 200இல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்கிறேன். படங்களைப் பிறகு திருத்த இடம் தரும் ரா கோப்பாகவே பதிவு செய்கிறேன்.

எல்.இ.டி. விளக்குகள் வந்த பிறகு வேறொரு சிக்கல் வந்தது. பழைய டங்ஸ்டன் விளக்கில் நம் முகங்கள் இயல்பாகவே அழகாக இருக்கும். நிறச் சமநிலையை 3200 கெல்வினில் நிறுத்தினால் போதும். நீல எல்.இ.டி.யின் கீழே மாநிறமும் கறுப்புமான நம் தோல் மேடை இருட்டோடு கலந்துவிடுகிறது. சிவப்பு எல்.இ.டி.யிலோ படத்தின் சிவப்பு அலைவரிசை நிரம்பி வழிந்து, அரக்குப் பட்டுச் சேலையின் மடிப்பு ஒன்றுகூடத் தெரியாமல் ஒரே சாயமாகிவிடுகிறது. சிவப்பு மிகும் காட்சிகளில் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுத்து, வீட்டில் மெல்ல மீட்கிறேன். ஒளியமைப்பாளரிடம் போய், முன்பக்கம் கொஞ்சம் வெள்ளை விளக்குப் போடுங்கள் என்று கேட்கும் படப்பிடிப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். அந்த விளக்கு கூடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக வைக்கப்பட்டது. கேமராதான் அதற்கு இணங்கிப் போக வேண்டும்.

சித்தப்பா மகளின் குழுவை நடத்துகிறவர் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எல்லோரும் அவரை ஐயா என்றே அழைப்போம். அடுத்த நாடகத்தையும் நான் படம் பிடிக்கலாமா என்று கேட்டபோது, “முதல்ல மூணு ஒத்திகைக்குக் கேமரா இல்லாம வாம்மா” என்றார். தோட்டத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தைப் பற்றிய நாடகம் அது. நெகிழி நாற்காலியில் உட்கார்ந்து மூன்று ஒத்திகைகளைப் பார்த்தேன். யார் எங்கிருந்து நுழைகிறார்கள், எந்த வரியில் விளக்கு மாறுகிறது, எந்த இடத்தில் யாருமே பேசுவதில்லை என்று ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நான்காவது ஒத்திகைக்குக் கேமராவோடு போனபோது, என்ன நடக்கப் போகிறது என்று தேட வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

ஆனால் அந்த ஒத்திகையில்தான் என்னால் ஒரு பிழை நேர்ந்தது. மகள் வேடமேற்ற பெண், தாயின் சொல்லுக்குப் பிறகு நெடுநேரம் மௌனமாக நின்று, பின் ஒரே ஒரு வரி பேச வேண்டும். அந்த மௌனத்தில் நான் ஷட்டரை அழுத்தினேன். அந்தச் சத்தம் சிறு மண்டபம் முழுவதும் கேட்டது. அவள் வரியை மறந்து நின்றுவிட்டாள். பிறகு என்னிடம் வந்து, “அக்கா, நான் இவ்வளவு நேரம் கஷ்டப்பட்டு உள்ள போயிருந்தேன், அந்தச் சத்தம் என்னை வெளிய இழுத்துப் போட்டுடுச்சு” என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுவாரம் சத்தமில்லாத மின்னணு ஷட்டருக்கு மாறினேன். அதில் படங்களின் குறுக்கே பட்டை பட்டையாக இருண்ட கோடுகள் விழுந்தன. மங்கலாக்கப்பட்ட எல்.இ.டி. விளக்கு உண்மையில் மங்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறது. மின்னணு ஷட்டர் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. எனவே சில வரிகளில் விளக்கு எரிந்த நொடியும் சில வரிகளில் அணைந்த நொடியும் பதிவாகிவிடுகின்றன. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்று என்பதால் குழல்விளக்கு எரியும் மண்டபத்தில் 100இல் ஒரு பங்கு வேகம் ஒத்துவரும். மேடை விளக்குகள் தத்தமக்கென்று வேறு வேகத்தில் துடிப்பவை. அவற்றுக்கு ஒரே விடை கிடையாது. ஒளியமைப்பாளர் விளக்குகளைச் சரிபார்க்கும் மணி நேரத்திலேயே நானும் போய், ஒவ்வொரு காட்சியின் விளக்கிலும் வேகத்தை மாற்றி மாற்றிச் சோதித்துக் குறித்துக்கொள்கிறேன். எதற்கும் ஒத்துவராத காட்சியில் இயந்திர ஷட்டரை வைத்துக்கொண்டு, உரத்த வசனத்துக்காகவோ மேளச் சத்தத்துக்காகவோ காத்திருக்கிறேன். மௌனத்தில் அழுத்துவதில்லை. அந்தப் படம் கிடைக்காவிட்டால் போகட்டும்.

முழு ஒத்திகையோடு என் வேலை முடிந்துவிடும். அரங்கேற்ற நாளில் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு, சீட்டு வாங்கி உட்கார்ந்து நாடகம் பார்க்கிறேன். பார்வையாளர்கள் தொலைபேசியை உயர்த்திப் பிடிக்கும்போது, அந்தத் திரைகளின் வெளிச்சம் நடிகர்களின் கண்களில் விழுகிறது என்பதை மேடையோரத்தில் நின்றவர்கள் அறிவார்கள். நண்பர்கள் தயவுசெய்து அதைத் தவிர்க்க வேண்டும்.

அந்த நாடகத்தில் எடுத்த அறுநூறு படங்களில் பெரும்பாலானவை தாயினுடையவை. அவர்தான் அதிகம் பேசுகிறார், அழுகிறார், கை நீட்டுகிறார். குழுவினர் விளம்பரத்துக்கு ஒரு படம் கேட்டபோது இரண்டு இரவுகள் தேடியும் ஒன்றும் அமையவில்லை. பேசும் வாய் படத்தில் கோணலாக உறைந்துவிடுகிறது; குரல் இல்லாமல் அது வெறும் திறந்த வாய்தான். கடைசியில் ஒரு படத்தின் ஓரத்தில் மகளைக் கண்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள், தோட்டத்து வீட்டைப் பூட்டிய கதையைத் தாய் சொல்லத் தொடங்கியதும், இறந்துபோன தந்தையின் கைலியைப் பாதி மடித்த நிலையிலேயே மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கட்டைவிரல் மட்டும் துணியின் விளிம்பைத் தடவியதுபோல் சற்றே வளைந்திருந்தது. தாய் படத்தில் முதுகாக மட்டுமே இருக்கிறார். ஆனாலும் அவர் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது அந்தப் படத்தில் தெரிகிறது. பூக்கடையில் பத்து வெள்ளியை மடித்து வைத்திருந்த முதியவர் அப்போது என் நினைவுக்கு வந்தார். அதன் பிறகு மேடையில் ஒருவர் பேசத் தொடங்கினால், நான் கேமராவை அடுத்தவர் பக்கம் திருப்பிவிடுகிறேன்.

வேறு குழுக்களின் நாடகங்களைப் பார்க்கச் செந்தூல் பூங்காவில் உள்ள கோலாலம்பூர் நிகழ்கலை மையத்துக்கும் போவதுண்டு. 1989இல் ஃபரிடா மெரிக்கனும் ஜோ ஹஷாமும் தொடங்கிய நாடக நிறுவனத்தின் அரங்கு மெர்டேக்கா சதுக்கத்தின் அடியில் இருந்தது. 2003ஆம் ஆண்டின் திடீர் வெள்ளம் அதை அழித்தது. இரண்டு ஆண்டுகளில், செந்தூலின் பழைய ரயில்வே கட்டடம் ஒன்று இந்த மையமாயிற்று. 500 பேர் உட்காரும் அதன் பெரிய அரங்கை விட, வெளிப்புறத்துச் செங்கல் சுவர்தான் என்னை நிறுத்திவிடுகிறது. என் தாத்தா செந்தூல் ரயில் பணிமனையில் வேலை செய்தவர். கோயில் திருவிழா மேடையில் அரிச்சந்திரன் நாடகம் போடும்போது, ஆண்களே பெண் வேடம் கட்டிய அந்நாளில், அவர்தான் சந்திரமதி. மயான காண்டத்தில் அவர் அழுதால் முன்வரிசைப் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள் என்று அம்மா சொல்வார். அந்த வேடத்தில் அவருக்கு ஒரு படம்கூட இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த படத்தில் பித்தான் பூட்டிய வெள்ளைச் சட்டையோடு இருக்கிறார். அந்த முகத்தில் சந்திரமதியை எவ்வளவு தேடியும் என்னால் காண முடிந்ததில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் கருவி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். குளிரூட்டிய அரங்கிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படியும். பையைத் திறக்காமல் இருபது நிமிடம் பொறுத்திருங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை எளிதில் பற்றும். நகரத்துக் கடை ஒன்றில் பழைய லென்ஸ் ஒன்றை நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லி எனக்கு விற்றார்கள். வீட்டில் கைவிளக்கடித்துப் பார்த்தபோது, உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருந்தது. வாங்குமுன் விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள். வாங்கிய பிறகு, ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிறுத்தும் உலர்பெட்டியில் வையுங்கள்.

ஐயா புதிய நாடகத்தின் பிரதியை நேற்று அனுப்பினார். நாற்பத்திரண்டு பக்கங்கள், இரவே படித்து முடித்தேன். ஐந்தாம் காட்சியில் மகன் ஏறக்குறைய இரண்டு பக்கங்களுக்குப் பேசுகிறான். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் அவனுடைய தந்தைக்கு அந்தக் காட்சியில் ஒரு வரிகூட இல்லை. தந்தையாக நடிப்பவர் யார் என்று ஐயாவிடம் கேட்டிருக்கிறேன்.